நேப்பிள்ஸ், புளோரிடா: பணக்காரர்களின் ஓய்வூரில் ஒரு பென்ஷன்காரர்

மகள் அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்து டாம்பாவில் இருக்கிறாள். ஆறு மாத விசாவில் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தபோது, பூங்காவில் பேச்சுக் கொடுத்த பெரியவர்கள் பாதிப் பேர் ஒரே ஊரின் பெயரைத்தான் சொன்னார்கள். நேப்பிள்ஸ். கடைசிக் காலத்தை அங்கே கழிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்கிற தோரணை. நான் பொதுப்பணித்துறையில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டி, உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன். பென்ஷன்காரர்களுக்கென்று ஒரு சொர்க்கம் இருந்தால் அதை ஒரு தடவை ஆய்வு செய்யாமல் ஊர் திரும்பலாமா? 2024 பிப்ரவரி கடைசியில் மூன்று நாள், அப்புறம் ஜூன் முதல் வாரத்தில் இரண்டு நாள் என்று இரண்டு முறை போய்ப் பார்த்தோம். இரண்டாவது முறை ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

டாம்பாவிலிருந்து தெற்கே ஐ-75 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 170 மைல். மாப்பிள்ளை கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். "மாமா, அங்கே கார் இல்லாமல் கஷ்டம்" என்று அவர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் கடல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சொன்னால் நாக்கு அழுகிவிடும். சீனி மாதிரி வெள்ளை மணல், காலில் சுடாத மணல். அலை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவுக்குச் சாதுவான அலை. நான் நாகப்பட்டினத்துக்காரன். எங்களுக்குக் கடலில் சூரியன் உதிக்கத்தான் தெரியும், மறைவது வயல் பக்கம். இங்கே மெக்சிகோ வளைகுடாவுக்குள் சூரியன் இறங்குவதைப் பார்க்க ஊரே மடக்கு நாற்காலியோடு வந்து உட்காருகிறது. கடைசிக் கீற்று மறைந்ததும் சிலர் கைதட்டினார்கள். என் மனைவியும் தட்டினாள். தினமும் நடக்கிற விஷயத்துக்குக் கைதட்டல் எதற்கு என்று கேட்டேன். "முப்பது வருஷமா தினமும் சமைச்சேன், நீங்க ஒருநாள் தட்டினீங்களா?" என்றாள். மறுநாள் நானும் தட்டினேன்.

இன்னொரு நல்ல விஷயம், கடலுக்குப் போக யாரையும் கெஞ்ச வேண்டாம். கோடீஸ்வர வீடுகள் கடலைப் பார்த்து வரிசையாக நின்றாலும், ஊரின் அவென்யூ பலவும் மேற்கே கடற்கரையில் போய்த்தான் முடிகின்றன. அந்த முனைகளில் பொதுவழி உண்டு. புளோரிடா சட்டப்படி அலை வந்து நனைக்கிற ஈர மணல் பொதுச் சொத்து. யார் வீட்டுக்கு முன்னாலும் நடக்கலாம். கார் நிறுத்தத்தான் வெளியூர்க்காரர்கள் காசு கட்ட வேண்டும், உள்ளூர்க்காரர்களுக்கு ஸ்டிக்கர் உண்டு. நாங்கள் நடந்து போனவர்கள், எங்களுக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

அந்தக் கடற்கரையில் நடக்கும்போது என் கண் மணலில் நிற்கவில்லை, குழாயில் நின்றது. தெருவில் விழும் மழைநீரை வெளியேற்ற மணலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு குழாய்கள் கடலுக்குள் போகின்றன. விளம்பரப் படங்களில் எடுத்த கோணத்தைப் பாராட்ட வேண்டும், ஒரு குழாய்கூட விழாது. மணலும் முழுக்கக் கடல் போட்ட மணல் இல்லை. அரிப்பில் கரை தேய்ந்துகொண்டே வருவதால், அதே கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) உட்பகுதியில் இம்மோக்கலி பக்கத்துக் குவாரியிலிருந்து லாரி லாரியாக மணல் கொண்டுவந்து கொட்டி நிரவுகிறார்கள். நிறமும் பருமனும் ஒத்துப்போகிற மணலாகப் பார்த்து எடுக்க வேண்டும், லேசான வேலை இல்லை. ஒரு பொறியாளனாக எனக்கு மரியாதைதான் கூடியது. ஆனால் 'இயற்கை எழில்' என்று பிரசுரத்தில் போட்டிருந்த இடத்தில் என் பேனா தானாக ஒரு கேள்விக்குறி போட்டது. இம்மோக்கலி என்ற பெயரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் முத்திரை அங்கிருக்கும் பாலம். கடலுக்குள் நீளும் மரப்பாலம், முதலில் கட்டியது 1888-ல். அப்போது ஊருக்குச் சாலை கிடையாது. ஆளும் சரக்கும் கப்பலில்தான் வந்து இறங்கும். இத்தாலியின் நேப்பிள்ஸ் விரிகுடாவைவிட எங்கள் விரிகுடா அழகு என்று நிலம் விற்றவர்கள் போட்ட விளம்பரத்திலிருந்துதான் ஊருக்கே இந்தப் பெயர். ஆக, பிறக்கும்போதே மனை விற்பனைக்காரர்கள் கையில் பிறந்த ஊர். டாம்பாவையும் மயாமியையும் இணைத்து இரண்டு பெயரையும் ஒட்டவைத்த 'தமயாமி டிரெயில்' சாலை 1928-ல்தான் திறந்தது. அதற்குப் பணம் இறைத்தவர் பாரன் காலியர் என்ற நியூயார்க் விளம்பர முதலாளி. கவுண்டிக்கே அவர் பெயர். பாலம் 1910, 1926, 1960 புயல்களில் அடிவாங்கி எழுந்தது. 2022 செப்டம்பர் 28-ல் வந்த இயன் புயல் கடல்பக்க முனையைத் தின்றுவிட்டது. நாங்கள் போனபோது அந்தப் பகுதியை மூடி வைத்திருந்தார்கள். உடைந்த தூண்களின் மேல் கூழைக்கடாக்கள் ஆளுக்கொரு தூண் என்று பங்கு போட்டு உட்கார்ந்திருந்தன.

புயல் என்றதும் எனக்குச் சுற்றுலாப் புத்தி போய்விடும். 2004 சுனாமியின்போது நாகையில்தான் வேலை, தற்காலிகக் குடியிருப்புப் பணி. அதனால் கடற்கரைத் தெருக்களில் நடந்தபோது வீட்டின் வாசலைப் பார்க்காமல் அடித்தளத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு தெருவில் 1950-கள் காலத்துச் சின்ன ஓட்டு வீடு, தரையோடு தரையாக. அதற்கு ஒட்டினாற்போல் புது மாளிகை, அதன் தரைத்தளமே பழைய வீட்டின் ஜன்னல் உயரத்தில் இருக்கிறது. காரணம் ஒரு விதி. வெள்ளத்தில் சேதமான கட்டடத்தைச் சரிசெய்யும் செலவு அதன் மதிப்பில் பாதியைத் தாண்டினால், முழு வீட்டையும் இன்றைய வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்தியாக வேண்டும். பழைய சின்ன வீட்டுக்காரர் எங்கே உயர்த்துவது? விற்றுவிட்டுப் போகிறார். வாங்குகிறவர் இடித்துவிட்டு ராட்சசனாகக் கட்டுகிறார். அந்தச் சின்ன வீட்டின் வாசலிலும் இடிப்பு அனுமதிச் சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு எலுமிச்சை மரம் காய்த்துக் குலுங்கியது.

பழசில் நிற்பது பாம் காட்டேஜ் என்கிற 1895-ஆம் வருஷத்து வீடு. வரலாற்றுச் சங்கம் பராமரிக்கிறது. பாலத்திலிருந்து ஐந்து நிமிஷ நடை. இதன் சுவரைக் கட்டியது எதனால் என்று வழிகாட்டி அம்மாள் ஏதோ பெரிய ரகசியம் போல விளக்கினார்: சிப்பிகளைச் சுட்டு, பொடித்து, மணலும் தண்ணீரும் சேர்த்த சாந்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்பு! எங்கள் பக்கத்தில் கிளிஞ்சல் காளவாய் புகையைப் பார்த்து வளர்ந்தவன் நான். சுவரில் கை வைத்துப் பார்த்தேன். அதே குளிர்ச்சி, அதே சொரசொரப்பு, விரல் நுனியில் ஒட்டிய அதே வெள்ளை. அந்த அம்மாளிடம் எங்கள் ஊரில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்போம் என்று சொன்னேன். குறித்துக்கொண்டார். இந்த ஊரில் என்னை யாரும் மதித்துப் பேச்சுக் கேட்டது அந்த ஒரு இடத்தில்தான் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள்.

கடைத்தெருக்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஐந்தாவது அவென்யூ தெற்கு, மூன்றாவது தெரு தெற்கு. சுத்தம், பூந்தொட்டி, ஓவியக் கடை, நகைக் கடை, குழந்தை வண்டியில் உட்கார்ந்து வரும் நாய்க்குட்டி. பார்க்க அழகு, வாங்க நமக்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் மதியம் ஓர் உணவகத்தில் மாட்டிக்கொண்டோம். பெயர் வேண்டாம். சைவம் என்று கேட்டதற்குக் காளான் போட்ட பாஸ்தா வந்தது, 34 டாலர். கேட்காமலே மேஜையில் வைத்த தண்ணீர் பாட்டிலுக்கு 9 டாலர். டிப்ஸோடு சேர்த்துப் பார்த்தபோது எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தின் மாத மளிகை கண்ணில் ஆடியது. அன்று ராத்திரியிலிருந்து மோட்டல் அறையின் குட்டி அடுப்பில் ரசம்தான். அதிலும் ஒரு பாடம். பளபளவென்ற தக்காளி வாங்கி வந்தாள். நசுக்கினால் நசுங்கவில்லை, கொதித்தால் கரையவில்லை. "புளிப்பும் இல்லை, இனிப்பும் இல்லை, இது தக்காளி போட்டோ" என்றாள். விசாரித்தால், புளோரிடாவில் தக்காளியைக் காயாகவே பறித்து, எத்திலீன் வாயு காட்டிச் சிவக்க வைத்து அனுப்புவதுதான் பெருவழக்கமாம்.

சரி, முக்கியமான கேள்விக்கு வருகிறேன். வயதானவர்களுக்கான ஊர் என்கிறார்கள். நகரத்தில் பாதிப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். தமயாமி டிரெயிலில் போகும்போது விளம்பரப் பலகைகளைப் படித்தாலே தெரியும்: காது மெஷின், கண்புரை, இடுப்பு மூட்டு, சொத்து நிர்வாகம், மறுபடி காது மெஷின். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெரியவர் காலையில் எழுந்து ஒரு பாக்கெட் பால் வாங்கி வர முடியுமா? இதுதான் என் அளவுகோல்.

எங்கள் மோட்டல் அந்தச் சாலையில்தான், பிப்ரவரியில் ஒரு ராத்திரிக்கு 310 டாலர். பப்ளிக்ஸ் என்கிற மளிகைக் கடை எதிர்ச்சாரியில் கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் ஆறு வழிச் சாலை. சிக்னல் இருக்கும் முனை வரை நடந்து, பொத்தானை அழுத்தி, காத்திருந்து, வெள்ளை மனிதன் பொம்மை எரிந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போனால் பாதி வழியில் சிவப்புக் கை மின்ன ஆரம்பிக்கிறது. மூட்டுவலிக்காரியான என் மனைவியோடு நட்டநடுவே நின்றபோது, இடது பக்கம் திரும்பக் காத்திருந்த ஒரு மஞ்சள் ஃபெராரி உறுமியது. உள்ளே இருந்தவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அவர் கையசைத்து, மெதுவாப் போங்க என்று சைகை காட்டினார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தச் சாலையில் மூன்று நாளும் நடந்து போனது நாங்கள் இருவரும் தோட்ட வேலைக்காரர்களும் மட்டுமே.

மற்றவர்கள் எங்கே? வாயிற்கதவு போட்ட குடியிருப்புகளுக்குள். ஒவ்வொன்றும் ஒரு கோட்டை. உள்ளே கோல்ஃப், குளம், குளத்தில் முதலை ஜாக்கிரதை பலகை. வாசலில் காவலர். நம்மூரில் திண்ணை செய்கிற வேலையை இங்கே கிளப் செய்கிறது, அதற்குச் சந்தா உண்டு. பணம் எந்த உயரத்துக்குப் போகிறது என்பதற்கு ஒரு கணக்கு: நாங்கள் போன அதே பிப்ரவரியில்தான் இந்த ஊரின் போர்ட் ராயல் பகுதி முனையிலிருக்கும் ஒரு வளாகம் 29.5 கோடி டாலர் என்று விற்பனைக்கு வந்து செய்தியானது.

ஐந்தாவது அவென்யூ பெஞ்சில் ஒரு பெரியவர் கிடைத்தார். ஒஹாயோக்காரர், எண்பத்தொன்று. குளிருக்குப் பயந்து நவம்பரில் வந்து ஏப்ரலில் போகும் கூட்டத்தைப் 'பனிப்பறவை' என்பார்கள். இவரும் அப்படி வந்து, பிறகு இங்கேயே தங்கிவிட்டவர். ஏன் என்று கேட்டால் வரிக்கணக்கு சொன்னார். புளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு வருஷத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. மிச்சமான வரியை இப்போது காப்பீட்டுக் கம்பெனி பிடுங்கிக்கொள்கிறது என்று சிரித்தார். மனைவி இறந்து இரண்டு வருஷமாம். பையனும் பெண்ணும் வடக்கே. "சாயங்காலம் எப்படிப் போகும்?" என்று கேட்டேன். இங்கே வந்து உட்காருவேன் என்றார். அதற்கு ஐந்து மைல் கார் ஓட்டி வருகிறார். கண் டாக்டர் போன மாதம் ஒரு மாதிரியாகப் பேசினாராம். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக் காட்டி, "இது கையில் இருக்கிறவரைக்கும்தான் எனக்கு இந்த ஊர்" என்றார்.

எனக்கு ஊரைப் பற்றி அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்கவில்லை.

பிக்கிள்பால் மைதானத்தையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். கிழக்கு நேப்பிள்ஸ் சமூகப் பூங்காவில் வரிசை வரிசையாகத் திடல்கள். 2016-லிருந்து அமெரிக்க ஓப்பன் பிக்கிள்பால் போட்டி இங்கேதான் நடக்கிறது. கையில் மரப்பலகை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, டொக் டொக் என்று மழை பெய்கிற மாதிரிச் சத்தம். எழுபத்தைந்து வயதுப் பாட்டி முழங்கால் பட்டையோடு வலைக்கு ஓடிவந்து ஒரு அடி அடித்தார், எதிரில் இருந்த தாத்தா கெட்ட வார்த்தையும் சிரிப்புமாகப் போனார். ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கக் காசு இல்லை. இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. என் மனைவியைக்கூட ஒருத்தி விளையாடக் கூப்பிட்டாள். புடவையைக் காட்டி மறுத்துவிட்டு, ராத்திரி முழுக்க "போயிருக்கலாமோ" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் நான் மட்டும் பஸ் ஏறினேன். இம்மோக்கலிக்கு. வடகிழக்கே நாற்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு, அதே காலியர் கவுண்டி. பஸ்ஸில் என்னைத் தவிர எல்லாரும் சீருடை. ஹோட்டல் அறை பெருக்குகிறவர்கள், சமையலறை ஆட்கள், முதியோரைப் பார்த்துக்கொள்கிற பெண்கள். பேச்சு ஸ்பானிஷ் கொஞ்சம், ஹைட்டிக்காரர்களின் கிரியோல் கொஞ்சம். பக்கத்து இருக்கைப் பெண் காலணியைக் கழற்றிக் காலை நீட்டியபடி தூங்கிவிட்டாள். மடியில் ஹோட்டல் சோப்புக் கட்டிகள் நிரம்பிய பை.

இம்மோக்கலியில் இறங்கினால் தெருவில் சேவல் கூவுகிறது. சத்தியமாக. கடைகள், டிரெய்லர் வீடுகள், வயலுக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய பள்ளிக்கூடப் பஸ்கள். குளிர்காலத்தில் அமெரிக்காவில் விளையும் தக்காளியில் பெரும்பங்கு புளோரிடாவில், அதில் நிறைய இந்தச் சுற்றுவட்டாரத்தில் பறித்தது. ஒரு வாளி 32 பவுண்டு, நம் கணக்கில் பதினாலரைக் கிலோ. அதை நிரப்பித் தோளில் தூக்கி லாரிக்கு ஓட வேண்டும், கூலி வாளிக் கணக்கு. இங்கிருக்கும் தொழிலாளர் கூட்டமைப்பு 1993-ல் ஆரம்பித்து, பவுண்டுக்கு ஒரு சென்ட் கூட்டிக் கொடு என்று டாகோ பெல் என்ற துரித உணவுக் கம்பெனியோடு மல்லுக்கட்டி 2005-ல் ஜெயித்தது. சந்தைக் கடையில் கொஞ்சம் பழுத்த, கோணலான தக்காளி வாங்கினேன். அன்று ரசம் ரசமாக இருந்தது. கரைக்கு மணல் இங்கிருந்து, ஹோட்டலுக்கு ஆள் இங்கிருந்து, தட்டுக்குத் தக்காளி இங்கிருந்து. வேலைக்காரர்கள் நாற்பது மைல் வருவதற்குக் காரணம் நேப்பிள்ஸில் அவர்களுக்கு வாடகை கட்டாது என்பதுதான்.

திரும்புகிற பஸ்ஸை நேரம் மறந்து தவறவிட்டுவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தில் ஒரு மெக்சிகோக்காரர் தாமே வந்து நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பாஷை இல்லை. இரண்டு பேரும் சேவலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் முறை போனது கூட்டம் இல்லாத ஊரைப் பார்க்க. ஜூன் முதல் வாரம், புயல் பருவம் அப்போதுதான் தொடக்கம். அதே மோட்டல் அறை 129 டாலர். மாளிகைகளின் ஜன்னல்களில் இரும்புத் தடுப்பு, தெருவில் தெளிப்பான் மட்டும் புல்லுக்குத் தண்ணீர் அடிக்கிறது. காலையில் புழுக்கம், மூன்று மணிக்கு இடி, நாலரைக்குக் கொட்டி முடித்து ஐந்துக்கு வெயில். நம் ஐப்பசியையும் சித்திரையையும் கலந்து ஒரே நாளில் கொடுத்த மாதிரி. இந்த முறை மாப்பிள்ளை காரோடு கூடவே இருந்தார். ஊர் திடீரென்று சுலபமாகிவிட்டது, அதையும் சொல்லியாக வேண்டும். கார்க்ஸ்க்ரூ சதுப்புநிலக் காப்பகத்துக்குக் கூட்டிப் போனார். பெரிய சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே இரண்டேகால் மைல் மரப்பலகை நடைபாதை, சாய்ந்து உட்கார பெஞ்சுகள். இங்கே வரும் மர நாரை நம் வேடந்தாங்கல் மஞ்சள்மூக்கு நாரைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். எங்களுக்கு அது கண்ணில் படவில்லை. தலைக்கு மேலே ஒரு ஆந்தைதான் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

போகிறவர்களுக்கு: மே அல்லது நவம்பர் தொடக்கம் பாருங்கள், விலை குறைவு. கார் இல்லாமல் போகாதீர்கள். உணவகத்தில் தண்ணீர் கேட்கும்போது குழாய்த் தண்ணீர் என்று அழுத்திச் சொல்லுங்கள். கிழக்குப் பக்கம் பிக்கிள்பால், ஒருநாள் கார்க்ஸ்க்ரூ, மாலையெல்லாம் கடல். குடியிருக்கப் போவதானால் முதலில் கண் டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

கடைசி மாலை மழை விட்ட பிறகு கடற்கரையில் எங்களைத் தவிர நாலு பேர்தான். என் மனைவி புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வெறும் கிளிஞ்சலாகப் பார்த்துப் பொறுக்கினாள். மாப்பிள்ளை பார்க்கிங் நேரம் முடிகிறது என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். பையில் அரைக் கிலோ தேறியிருக்கும். இப்போது அது டாம்பாவில் மகளின் கறிவேப்பிலைத் தொட்டியில் கிடக்கிறது. செடி போன வாரம் புதுக் கொழுந்து விட்டிருப்பதாக வீடியோவில் காட்டினாள்.